மூன்றாம் மொழியும் முதல் மொழியும்

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டம் ஒன்றில் விளக்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், பால்மரம் வெட்டும் தந்தை ஒருவர் நம்மிடம் வந்து ஓர் ஐயத்தைக் கேட்டார். "ஐயா, மகளுக்குப் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே பிரெஞ்சு மொழியும் சொல்லித் தருகிறார்களாம். மலாய், ஆங்கிலம் இரண்டையும் விட முடியாது. தமிழை விட்டுவிட்டு அதை எடுக்கச் சொல்லலாமா? நான்கையும் சுமந்தால் பிள்ளைக்குப் பாரமாகிவிடாதா?"

பாரந்தான், ஏதேனும் ஒன்றை விட்டுவிடுங்கள் என்று அவசரத்தில் நாம் விடை கூறிவிட்டோம். ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் அவ்வாறு கூறியிருக்கலாகாது. அன்று சொல்லத் தவறியதை இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறோம்.

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூரில், அயல்மொழிக் கல்வி பல்லாண்டுகளாக ஒழுங்காக நடைபெற்று வருகிறது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கும் அங்கு அதிகாரத்துவ மொழிகள். தேக்காச் சந்தையின் பக்கமாகச் சென்று வந்த நம் வாசகர்கள், பெருவிரைவு ரயில் நிலையங்களில் எச்சரிக்கை வாசகங்கள் தமிழிலும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். தொடக்கப் பள்ளிகளில் 1960-லும் உயர்நிலைப் பள்ளிகளில் 1966-லும் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமாயிற்று. இன்று பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அத்துடன் ஒவ்வொரு மாணவரும் தம் தாய்மொழியையும் கற்கிறார்.

இவ்விரண்டுக்கும் மேலாக அயல்மொழி கற்பிப்பதற்கென்று 1978-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சு ஒரு மொழி நிலையத்தை நிறுவியது. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகள் அங்கே கற்பிக்கப்பட்டன. 2014-இல் ஸ்பானிய மொழியும் சேர்ந்தது. தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வில் சிறப்பாகத் தேறிய மாணவர்களே அதற்குத் தகுதி பெறுவர். பல்வேறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த அவர்கள், தத்தம் பள்ளி நேரம் முடிந்தபின் பேருந்திலும் ரயிலிலும் ஏறி மொழி நிலையத்துக்கு வருகின்றனர். நான்கு ஆண்டுகள் கற்று, ஏனைய பாடங்களோடு அதனையும் சாதாரண நிலைத் தேர்வில் எழுதுகின்றனர். இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அப்பாடத்தின் பெயரை. அதனை அவர்கள் "மூன்றாம் மொழி" என்கிறார்கள். அயல்நாட்டில் வளர்ந்து திரும்பிய சிலருக்கு விதிவிலக்கு உண்டு என்றாலும், பொதுவாக அது தாய்மொழிக்கு மேல் சேரும் மொழியே அன்றி, தாய்மொழியை நீக்கிவிட்டு அவ்விடத்தில் அமரும் மொழி அன்று.

இனி, அதே சிங்கப்பூரில் தமிழ் கடந்து வந்த வழியையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய தமிழ்ப் பள்ளி, பின்னர் உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. கணிதமும் அறிவியலும் வரலாறும் தமிழிலேயே பயிலப்பட்ட உயர்நிலைப் பள்ளி அது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி, மாணவர் எண்ணிக்கை தேய்ந்து 1982-இல் மூடப்பட்டது. மறு ஆண்டே அப்பெயரில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் உருவாயிற்று. சிராங்கூன் சாலையை அடுத்த பீட்டி சாலையில் இன்று அது இயங்குகிறது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலை மாணவர்கள் பிற்பகலில் அங்கு வந்து தமிழ் கற்கிறார்கள்.

ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பிரெஞ்சு கற்கும் பிள்ளையும் பள்ளி விட்டபின் பேருந்து ஏறுகிறது. தமிழ் கற்கும் பிள்ளையும் அவ்வாறே ஏறுகிறது. 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியரில் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. ஆகவே அங்கே பல தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியே ஏறத்தாழ அயல்மொழியின் நிலைக்கு வந்துள்ளது. நம் தோட்டத்துப் பிள்ளைக்கோ வாசற்படியிலேயே தமிழ் கிடைக்கிறது.

பாரம் என்று அந்தத் தந்தை கேட்டதும் பொருளற்ற அச்சம் அன்று. சிங்கப்பூரின் கல்வி முறையை ஆராய்ந்து டாக்டர் கோ கெங் சுவீ குழு 1979-இல் வெளியிட்ட அறிக்கை, இரண்டு மொழிகளிலும் குறைந்தபட்சத் திறனை எட்டிய மாணவர்கள் நூற்றுக்கு 40 பேர்கூட இல்லை என்று ஒளிவுமறைவின்றி எடுத்துரைத்தது. வீட்டில் பெரும்பாலோர் சீன வட்டார மொழிகளைப் பேச, பள்ளியிலோ அவர்கள் அறியாத இரண்டு மொழிகள் ஒருங்கே கற்பிக்கப்பட்டதை அவ்வறிக்கை முக்கிய காரணமாகச் சுட்டியது. அதே 1979-இல் கனடா நாட்டு அறிஞர் ஜிம் கம்மின்ஸ், முதல் மொழியில் பிள்ளை பெறும் வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று எழுதினார். எனவே மொழிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அஞ்சுவதில் பயனில்லை. அடியில் ஒரு மொழியேனும் உறுதியாக நிற்கிறதா என்று பார்ப்பதே முறை.

அவ்வாறு நிற்கும் மொழி எப்படி உதவும்? ஜப்பானிய மொழியில் "வாத்தாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்" என்பர். வாத்தாஷி என்பது நான். ஹோன் என்பது புத்தகம். ஓ என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபாகிய "ஐ" செய்யும் பணியைச் செய்கிறது. யோமிமாஸ் என்பது வாசிக்கிறேன். "நான் புத்தகத்தை வாசிக்கிறேன்" என்று தமிழில் அடுக்கும் அதே வரிசை! வினைச்சொல் கடைசியில் வருவது தமிழ்ப் பிள்ளைக்கு இயல்பாகவே தோன்றும். (சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இத்தகைய ஒற்றுமைகளைக் கண்டு, இரு மொழிகளும் உறவுடையவை என்றே வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நாமும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.)

பிரெஞ்சு மொழியில் வரிசை வேறு. அங்கே மலாய் துணைக்கு வருகிறது. சிவப்புப் புத்தகத்தை மலாயில் "புக்கு மேரா" என்கிறோம்; பிரெஞ்சில் "லீவ்ர் ரூஜ்" என்பர். இரண்டிலும் பொருள் முன்னே, நிறம் பின்னே. ஒலிப்பிலும் மலாய் நம் பிள்ளைகளின் செவியை முன்னரே பழக்கியிருக்கிறது. மலாயில் புதியது என்பதற்கும் நுரையீரல் என்பதற்கும் உரிய சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் "பாரு" என்றே அமையும். ஆனால் முதலெழுத்தை மென்மையாக ஒலித்தால் ஒரு பொருள், வன்மையாக ஒலித்தால் மற்றொரு பொருள் என்பதைத் தோட்டத்துச் சிறுவர் அறிவர். பிரெஞ்சில் ரொட்டிக்கும் குளியலுக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே. ரொட்டி கேட்கப் போய்க் குளியல் கேட்கும் தொல்லை நம்மவருக்குக் குறைவு!

இடறும் இடம் ஒன்றும் உண்டு. தமிழில் மேசையும் புத்தகமும் அஃறிணை. அவற்றுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. பிரெஞ்சிலோ மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். சூரியன் பிரெஞ்சில் ஆண், ஜெர்மனில் பெண். இதற்கு மனனம் ஒன்றே வழி. நாள்தோறும் ஐந்து சொற்களைப் பாலுடன் சேர்த்து எழுதிப் பழகும் மாணவர் ஓராண்டில் நல்ல சொல்வளம் பெறலாம்.

ஆகவே அந்தத் தந்தைக்கு நாம் கூற வேண்டியிருந்தது இதுவே: மகள் தமிழ்ப் பள்ளியில் நன்கு வாசித்துத் தேறியவளாயின் பிரெஞ்சு மொழியை எடுக்கட்டும், தமிழையும் தொடரட்டும். இரண்டில் ஒன்றுதான் இயலும் என்ற நிலை வந்தால், கையிலுள்ள மொழியை விட வேண்டாம். அயல்மொழியைப் பிற்காலத்திலும் கற்கலாம். பதின்மூன்றாம் வயதில் தமிழ் எழுத்தை நிறுத்திய பிள்ளை பின்னர் அதற்குத் திரும்புவது அரிது என்பதை நம் வகுப்பறை அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

தமிழ் வகுப்பு இடைநிலைப் பள்ளியில் தானாக அமைந்துவிடும் என்று பெற்றோர் வாளாவிருத்தல் கூடாது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் வேண்டினால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் பாடங்களாக உள்ளன. ஒரு தோட்டத்திலிருந்து நான்கு பிள்ளைகளே செல்லினும், பக்கத்துத் தோட்டங்களையும் பட்டணத்துக் குடும்பங்களையும் சேர்த்தால் 15 என்பது எட்டாத எண்ணிக்கை அன்று. பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெற்றோர் ஒன்றுகூடி, பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் குறித்து, பெற்றோர் கையொப்பமிட்டு, நகல் ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். மலாயில் கடிதம் எழுதத் தயங்குவோர் தோட்டத் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியரையோ கிராணியாரையோ அணுகலாம்.