சம்பந்தியம்மாவின் பாட்டியைத் தேடுகிறவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

சம்பந்தியம்மாவின் பாட்டி 1900-ஆம் ஆண்டு நியூயார்க் சென்சஸில் கணவன், பிள்ளைகளோடு இருக்கிறார். அதற்கு முன்னால் எங்கேயும் காணோம் என்று எழுதியிருந்தாய். அயர்லாந்து, கார்க் மாவட்டம் என்பதைத் தவிர வேறு துப்பு இல்லை என்கிறாய். வாழப்போன வீட்டின் மூத்தவளை, அந்த வீட்டுப் பிள்ளைகளே மறந்துபோனவளை, நீ தேடப் புறப்பட்டது பெரியப்பாவுக்கு மனம் நிறைந்த செய்தி. ஆனால் அதே பெயரை மறுபடி மறுபடி கணினியில் தட்டித் தேடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவை. முதலில் ஆனி மூரின் கதையைப் படி. அவளும் கார்க்கிலிருந்து வந்தவள்தான்.

1892 ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்த நாள். நெவாடா என்ற கப்பலில் வந்த ஆனி மூர்தான் அங்கே முதலில் பதிவானவள். கூடவே ஆந்தனி, பிலிப் என்று இரண்டு தம்பிகள். அதிகாரிகள் அவளுக்குப் பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்து வரவேற்றார்கள், பத்திரிகைகள் எழுதின. பிற்காலத்தில் அவளுக்குச் சிலையும் வைத்தார்கள். ஆனால் அன்று கரையேறிய பிறகு அவள் என்ன ஆனாள்? மேற்கே டெக்சாஸுக்குப் போனாள், நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், 1923-இல் டிராம் மோதி இறந்தாள் என்று பல ஆண்டுகள் எல்லோரும் சொன்னார்கள். டெக்சாஸ் குடும்பமும் அதை மனதார நம்பியது.

மெகன் ஸ்மோலன்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் அந்த டெக்சாஸ் பெண்மணியின் சென்சஸ் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் இருந்தது அயர்லாந்து அல்ல, இல்லினாய். அமெரிக்காவிலேயே பிறந்தவள் எல்லிஸ் தீவில் எப்படி வந்து இறங்குவாள்? உண்மையான ஆனியைக் கண்டுபிடிப்பவருக்கு ஆயிரம் டாலர் பரிசு என்று 2006-இல் அவர் அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத்துறைத் தலைவராக இருந்த பிரையன் ஆண்டர்சனும் சேர்ந்து தேடினார். சில வாரங்களில் முடிச்சு அவிழ்ந்தது. ஆனி எங்கேயும் போகவில்லை. மன்ஹாட்டனின் கீழ்க்கிழக்குப் பகுதியிலேயே, ஜோசப் ஷேயர் என்ற ரொட்டிக்கடைத் தொழிலாளியை மணந்து, பல பிள்ளைகளைப் பெற்று, சிலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்து, 1924-இல் இறந்திருக்கிறாள். குவீன்ஸில் அவளைப் புதைத்த இடத்தில் பெயர்க்கல்கூட இல்லை. 2008-இல்தான் கல் நட்டார்கள்.

இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வழியைத் திறந்த காகிதம் ஆனியுடையது அல்ல. தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரம்.

அது தற்செயல் இல்லை. அந்தக் காலச் சட்டப்படி கணவன் அமெரிக்கக் குடிமகன் ஆனால் மனைவியும் குடிமகள். அவளுக்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. 1922-இல் வந்த கேபிள் சட்டம்தான் அதை மாற்றியது. கல்யாணத்தோடு குடும்பப் பெயரும் போய்விடும். ஆக, ஒரு பெண் பதிவேடுகளிலிருந்து மறைவதற்கு அவள் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை, அரசாங்கமே பார்த்துக்கொண்டது. அண்ணன் தம்பிகளோ குடியுரிமை கேட்டார்கள், ஓட்டுப் போட்டார்கள், தொழில் உரிமம் எடுத்தார்கள். 1906 செப்டம்பருக்குப் பிறகு குடியுரிமை பெற்ற ஆண் என்றால் இன்னும் நல்லது. அன்றிலிருந்து அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி விண்ணப்பம், அதில் பிறந்த தேதியும் ஊரும் இருக்கும். ஆகவே பாட்டியை விட்டுவிட்டு, பாட்டிக்கு அண்ணன் தம்பி உண்டா என்று தேடு. 1900 சென்சஸ் பக்கத்தில் பாட்டியின் வீட்டுக்கு மேலும் கீழும் எழுதியிருக்கும் வீடுகளையும் விடாதே. கடல் தாண்டி வந்தவர்கள் அக்கா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளித்தான் குடியேறினார்கள். தங்கியிருப்பவர் என்ற பெயரில் ஒரே வீட்டிலும் இருந்தார்கள்.

1880-க்கும் 1900-க்கும் நடுவே அவர் இல்லையே என்று வருந்தாதே. 1890 சென்சஸ் ஏடுகள் 1921 ஜனவரி 10 அன்று வாஷிங்டனில் தீயிலும் தண்ணீரிலும் பாழாயின; மிஞ்சியதையும் பிற்பாடு அழித்துவிட்டார்கள். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்களில் சில ஆயிரம் பேர் பெயர்தான் இன்று கையில் இருக்கிறது. ஆனால் பாட்டி நியூயார்க்கில் இருந்ததால் உனக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அந்த 1890 கணக்கில் தலைகள் குறைகின்றன என்று நகராட்சி சண்டை பிடித்து, போலீஸ்காரர்களை விட்டு வீடு வீடாக மறுபடி எண்ணச் சொன்னது. மன்ஹாட்டனுக்கான அந்தப் போலீஸ் கணக்கு ஏடுகளில் பெரும்பகுதி பிழைத்திருக்கிறது. பெயர், ஆணா பெண்ணா, வயது, விலாசம், அவ்வளவுதான் இருக்கும். அவ்வளவு போதும்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பத்து ஆண்டு இடைவெளியில் ஏழு வயது மட்டும் கூடியிருக்கிறது, இது வேறு ஆளா என்று. அவசரப்பட்டு ஒதுக்காதே. சென்சஸ்காரர் கதவைத் தட்டியபோது பதில் சொன்னது யார்? அவரா, கணவரா, பக்கத்து வீட்டுக்காரியா? யார் சொன்னது என்பதை 1940 கணக்கில்தான் வட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டுக் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஏடுகளில் நாமே ஊகிக்க வேண்டும். ஆனி மூருக்கு அன்று பதினைந்து வயது என்று பத்திரிகைகள் எழுதின. கார்க்கில் இருக்கும் பதிவுப்படி அவளுக்கு அப்போது பதினேழு.

அயர்லாந்தில் இதைவிட வியப்பான சங்கதி உண்டு. 1901 கணக்கில் 55 வயது என்றவர் 1911 கணக்கில் 70-ஐத் தாண்டி நிற்பார். காரணம், 1909 ஜனவரி முதல் எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் பென்ஷன் வந்தது. 1864-க்கு முன்னால் அங்கே அரசுப் பிறப்புப் பதிவே கிடையாது, யாரிடம் சான்று இருக்கும்? ‘தாது வருஷப் பஞ்சத்தில் நடக்கிற பிள்ளை’ என்று நம் ஊரில் வயதைச் சொன்னதுபோல, 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும்புயல் தனக்கு நினைவிருக்கிறது என்று அங்கே கிழவர்கள் அதிகாரிகளிடம் சொன்னார்கள். வேறு சிலர் 1841, 1851 கணக்கேடுகளில் தங்கள் குடும்பத்தைத் தேடித் தரும்படி மனுப் போட்டார்கள். அந்த மூல ஏடுகள் 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததில் பெரும்பாலும் சாம்பலாயின. பென்ஷன் மனுக்களும் அவற்றில் குறித்த விடைகளும் தப்பின. பிழைப்புக்காக எழுதிய ஒரு மனு, எரிந்துபோன ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. சம்பந்தியம்மாவின் பாட்டியைப் பெற்றவர்கள் 1909-இல் ஊரில் உயிரோடு இருந்திருந்தால், அந்த மனுக்களையும் பார்த்துவிடு.

எல்லாம் எரிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதே. கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் ஞானஸ்நானப் பதிவேடுகள் அந்தக் காப்பகத்தில் இல்லை; அதனால் தப்பின. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றின் படச்சுருள்களை 2015-இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. 1901, 1911 கணக்குகளும் நூறாண்டு கடந்த பிறப்புப் பதிவுகளும்கூடக் காசில்லாமல் கிடைக்கின்றன. பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் இருக்கும். பெரும்பாலும் அத்தையோ மாமனோதான். இரண்டிலும் தேதி ஒத்துப்போகாவிட்டால் திகைக்காதே. பிறப்பதற்கு முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகக்கூட வரும்! கெடு தாண்டிப் பதிந்தால் அபராதம் என்பதால், பதிவாளரிடம் பிறந்த நாளைத் தள்ளிச் சொன்னவர்கள் உண்டு. பங்குக் கோயில் ஏட்டை அந்த இடத்தில் கூடுதலாக நம்பலாம்.

1911 கணக்கில் ஒரு அருமையான கட்டம் இருக்கிறது. மணமாகி எத்தனை ஆண்டு, உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று இருப்பவர்கள் எத்தனை என்று மணமான பெண்களைக் கேட்டார்கள். ஒரு தாய் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லி, வீட்டில் மூன்று பேர் மட்டும் இருந்தால், மீதி நால்வர் மணமாகியோ பிழைப்புத் தேடியோ வேறெங்கோ போனவர்கள். அந்த நால்வரில் ஒருத்தி நீ தேடுகிறவராக இருக்கலாம். அமெரிக்காவில் 1900-லும் 1910-லும் இதேபோல் கேட்டிருக்கிறார்கள். அவருடைய பதிலையும் பார், நீ அறியாத ஒரு பிள்ளை அதில் இருக்கக்கூடும்.

பெயரையும் இறுக்கிப் பிடிக்காதே. பிரிஜெட் என்று ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் அமெரிக்காவில் டெலியா, பிரைடி என்று வாழ்ந்தார்கள். எல்லிஸ் தீவு அதிகாரிதான் பெயரை மாற்றிவிட்டார் என்று குடும்பத்தில் கதை இருந்தால் புன்னகைத்துக் கேட்டுக்கொள். அங்கிருந்தவர்கள் கப்பல்காரர்கள் எழுதிக் கொண்டுவந்த பட்டியலைத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அநேகமாகத் தாங்களாகவே, வேலைக்காகவும் அக்கம்பக்கத்துக்காகவும் மாற்றிக்கொண்டவர்கள். பாட்டியும் கணவரும் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பார்: மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், மூத்த மகளுக்கு அம்மாவைப் பெற்றவள் பெயர் என்ற வழக்கம் அயர்லாந்தில் பரவலாக இருந்தது. நமக்குத் தெரிந்த சங்கதிதானே. 1900 ஏட்டில் உள்ள மூத்த பெண்ணின் பெயர் உன்னை நேரே கார்க்கில் ஒரு சமையலறைக்கு அழைத்துப் போகலாம்.

கடைசியாக ஒன்று. பழைய ஏடுகளில் மணமாகாமல் பிறந்த குழந்தையைப் பாட்டியே தன் பிள்ளை என்று எழுதிவைத்த குடும்பங்கள் நிறைய. கல்யாணத் தேதியும் தலைப்பிள்ளை பிறந்த தேதியும் நெருங்கி நிற்பதும் அடிக்கடி வரும். அந்தப் பெண்கள் அன்று பட்ட பயத்தை நினைத்துப் படி. சம்பந்தியம்மாவுக்கு எண்பது நெருங்குகிறது. இப்படி ஏதாவது வந்தால் தெரிந்துகொள்ள விருப்பமா என்று முன்கூட்டியே, தனியாக உட்கார்ந்து கேட்டுவிடு. மாப்பிள்ளையிடம்கூட அதற்குப் பிறகு சொன்னால் போதும். 1900 பக்கத்தை முழுதாக, மேலும் கீழும் உள்ள வீடுகளோடு படம் எடுத்து அனுப்பு. பெரியப்பாவும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா