ராணுவத்தில் டெக்னிகல் வேலையா? இதைப் பாருங்கள்

கம்ப்யூட்டர், ரேடியோ, நெட்வொர்க் என்று ஆர்வமுள்ள பிள்ளைகள் முப்படைகளில் எதில் சேரலாம் என்று கேட்டால், என் முதல் ஓட்டு தரைப்படையின் சிக்னல்ஸ் பிரிவுக்கு. 1911-இல் தொடங்கிய இதன் முழுநேர வேலையே தகவல் தொடர்புதான். ரேடியோ, செயற்கைக்கோள் இணைப்பு, கம்ப்யூட்டர் நெட்வொர்க் எல்லாம் இவர்கள் கையில். மத்தியப் பிரதேசம் மாவ் நகரில் இதற்கென்றே ஒரு பொறியியல் கல்லூரி உண்டு. ரேடார், விமான மின்னணுக் கருவிகளில் நாட்டம் என்றால் விமானப்படை. கப்பலின் மின்சார, ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்புகள் பிடிக்கும் என்றால் கடற்படை. பயிற்சி ஜாம்நகரின் ஐ.என்.எஸ். வல்சுராவில். கடலில் வாரக்கணக்கில் இருக்க மனம் ஒப்புமா என்றும் யோசியுங்கள்.

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் ஜே.இ.இ. மெயின் எழுதாமல் விட்டுவிடாதீர்கள். ராணுவச் செலவிலேயே பொறியியல் படித்து அதிகாரியாகும் ஒரு வழி அதில் திறக்கிறது. பொறியியல் முடித்தவர்கள் தரைப்படையின் ஷார்ட் சர்வீஸ் (குறுகிய காலப் பணி) டெக்னிகல் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண் அடிப்படையில் தேர்வானவர்களுக்கு நேரே எஸ்.எஸ்.பி. (படை அதிகாரிகள் தேர்வு வாரியம்) நேர்காணல்.

அதிகாரியாக அல்லாமல் வீரர் நிலையில் அக்னிவீராகச் சேர்ந்தால் பணிக்காலம் 4 ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேரே நிரந்தரமாவார்கள். எந்தப் பிரிவு என்பதை ஒதுக்குவதும் படைதான், நீங்கள் அல்ல. சிக்னல்ஸில் இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.