வெள்ளை மருந்து இரண்டு மூடி

அன்புள்ள சிதம்பரம் சகோதரிக்கு,

கடிதம் கிடைத்தது. பெயர் போடவில்லை என்பதற்கு மன்னிப்பெல்லாம் எதற்கு? ஊர் தெரிந்தால் போதும்.

"ஒரு ராத்திரிகூட எச்.ஐ.வி. மாத்திரையை விட்டதில்லை. ஆனாலும் வைரல் லோடு (ரத்தத்தில் கிருமியின் அளவு) ஏறியிருக்கிறது. ஒழுங்காப் போடுறீங்களா என்று மையத்தில் கேட்டதும் அழுதுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை நம்புகிறேன். ஏனென்றால் கடிதத்தின் பின்பக்கத்தில், தூக்கம் வராததைப் பற்றிச் சொல்லும்போது, போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது: மாத்திரை போட்டதும் நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்து இரண்டு மூடி.

எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் இப்போது பெரும்பாலோருக்குத் தரும் ஒற்றை மாத்திரைக்குள் மூன்று மருந்துகள் உண்டு: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். நீங்கள் போடுவதும் அதுதான் என்று வைத்துக்கொள்வோம். எச்.ஐ.வி. கிருமி தன் மரபுச் சரட்டை நம் உயிரணுவின் சரட்டோடு சேர்த்துத் தைத்துவிடும். அந்தத் தையலைப் போடும் நொதி வேலை செய்ய மெக்னீசியம் வேண்டும். டோலுடெக்ராவிர் போய் அந்த மெக்னீசியத்தைக் கவ்விக்கொள்கிறது, தையல் நின்றுவிடுகிறது. உலோகத்தைக் கவ்வுவதுதான் அதன் வித்தையே. நெஞ்செரிச்சல் மருந்தில் இருப்பதோ அலுமினியமும் மெக்னீசியமும். வேட்டைக்குக் கிளம்பிய நாய் வாசலிலேயே எலும்பைக் கண்டு உட்கார்ந்துவிட்ட கதைதான். வயிற்றிலேயே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ரத்தத்துக்குப் போய்ச் சேரும் மருந்து குறைந்துவிடும்.

அதனால் முதலில் மாத்திரை, குறைந்தது 2 மணி நேரம் கழித்து வெள்ளை மருந்து. வெள்ளை மருந்தை முதலில் குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால் மட்டும் அவற்றை ஏ.ஆர்.டி. மாத்திரையுடன் ஒன்றாகவே போடலாம். நாட்டு மருந்துதானே என்று அயச் செந்தூரம் சாப்பிடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். அயம் என்றாலே இரும்பு.

உங்களுக்கு லோடு ஏறியது இதனால்தான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு அடித்துச் சொல்ல மாட்டேன். மையத்தில் அந்த இரண்டு மூடியைச் சொல்லுங்கள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், இரட்டிப்பாக்கவும் வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. மூட்டு வலிக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு இன்னொருவர், மஞ்சக்குப்பத்தில் கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையம். இந்த மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வது நீங்கள்தான். ஏன் என்று புரிகிறது. ஆனால் வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் டெனோஃபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கலாம். சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மினின் அளவை டோலுடெக்ராவிர் ரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் பொதுவாக நாளுக்கு 1000 மில்லிகிராமைத் தாண்ட விடமாட்டார்கள். நாளைக்கே காசநோய் வந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால், அது டோலுடெக்ராவிரைக் குறைத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 50 மில்லிகிராம் சேர்த்துத் தருவார்கள்.

எல்லோரிடமும் சொல்லத் தயக்கமா? ஓரிடத்திலாவது எல்லாவற்றையும் சொல்லுங்கள். அடுத்த முறை பஸ் ஏறும்போது வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும், தைலம், லேகியம் உட்பட, ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய் மையத்து மருத்துவர் மேசையில் கொட்டிவிடுங்கள். உங்கள் நிலையை ஒப்புதல் இல்லாமல் வெளியே சொல்வதற்கு எதிராக 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ளது.

மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபின் கடலூர்ச் சாலைகள் கிடந்த கிடப்பை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே போய், கையிருப்பு தீராதபடி கூடுதல் நாட்களுக்குக் கேட்டு வாங்கிவிடுங்கள். இந்த மருந்தை அரசு இலவசமாகத் தரத் தொடங்கியது 2004 ஏப்ரலில்; தொடக்கத்தில் தந்த ஒருசில இடங்களில் தாம்பரம் மருத்துவமனையும் ஒன்று. அன்று அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததோடு பார்த்தால் கடலூர் பஸ் எவ்வளவோ தேவலை.

சஷ்டி விரதம் தாராளமாக இருங்கள். இந்த மாத்திரைக்குச் சாப்பாடு கட்டாயமில்லை. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் அதோடு விடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம்.

குப்பி குலுங்கும் சத்தம் மாமியார் காதில் விழாமலிருக்கப் பஞ்சு அடைத்து வைப்பதாக எழுதியிருந்தீர்கள். பஞ்சு இருந்துவிட்டுப் போகட்டும். லேபிளை மட்டும் கிழிக்காதீர்கள், காலாவதித் தேதி அதில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்