கம்பி கட்டாமல் பல் சீராகுமா?

கேள்வி: கழற்றி மாட்டும் 'கிளியர் அலைனர்' பல்வரிசையை எப்படிச் சீராக்குகிறது?

பதில்: கிளியர் அலைனர் என்பது பற்களின் மேல் கச்சிதமாகப் பொருந்தும், நிறமற்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை. வாயை ஸ்கேன் செய்து, கணினியில் திட்டமிட்டு, வரிசையாகப் பல உறைகள் செய்யப்படுகின்றன. ஒவ்வொன்றும் பல்லைச் சுமார் 0.25 மில்லிமீட்டர் நகர்த்தும். இதமான அழுத்தம் தொடர்ந்து பட்டால், பல் நகரும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புது எலும்பு வளர்கிறது.

எனவே நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிவது அவசியம். சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் கழற்றலாம். 1 அல்லது 2 வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த உறைக்கு மாற வேண்டும்.

லேசான நெருக்கலுக்கும் இடைவெளிக்கும் இது ஏற்றது. சிக்கலான கோணல்களுக்குப் பெரும்பாலும் கம்பியே தேவைப்படும். சொத்தை, ஈறு நோய் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்ய வேண்டும். சிகிச்சைக்குப்பின், பற்களை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ரீடெய்னரை அணியாவிட்டால் அவை மீண்டும் விலகக்கூடும்.