செய்த வேலை சரியா? காரிடமே கேளுங்கள்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "தெரியாமல் எதையாவது அழுத்திவிட்டால் கெட்டுப் போய்விடுமா?" என்பதுதான். கார் எஞ்சினில் சொந்தமாகக் கை வைப்பவர்களுக்கும் இதே பயம் உண்டு. ஏர் ஃபில்டர், ஆயில், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை வீட்டிலேயே மாற்றிவிட்டு, எதையாவது மறந்துவிட்டோமோ என்று தூக்கம் இல்லாமல் புரள்வார்கள். கவலைப்படுவதைவிட சோதித்துப் பார்ப்பது சுலபம். பாதி வேலையை உங்கள் லேப்டாப்பே செய்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

இன்றைய எஞ்சின்களை இ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர் இயக்குகிறது. சென்சார்கள் தரும் தகவல்களைப் பார்த்து, எவ்வளவு பெட்ரோல் விடுவது, எப்போது தீப்பொறி கொடுப்பது என்று முடிவு செய்கிறது. கோளாறு தெரிந்தால் அதற்குரிய எண்ணைப் பதிவு செய்துகொண்டு, டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கை எரியவிடும். இந்த ஏற்பாட்டுக்கு ஓ.பி.டி. 2 என்று பெயர். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயம். இந்தியாவில் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

எண்ணைப் படிக்கும் முறை

1. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட சாக்கெட் இருக்கும். சாவி 'ஆஃப்' நிலையில் இருக்கும்போது, இ.எல்.எம். 327 வகை ப்ளூடூத் அடாப்டரை அதில் செருகுங்கள்.

2. சாவியை 'ஆன்' வரை திருப்புங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

3. லேப்டாப்பில் ப்ளூடூத்தை இயக்கி, அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு பெரும்பாலும் 1234 அல்லது 0000.

4. ஓ.பி.டி. சாஃப்ட்வேரைத் திறந்து 'ரீட் கோட்ஸ்' என்பதில் க்ளிக் செய்யுங்கள்.

5. வரும் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 'க்ளியர்' பட்டனைத் தொடாதீர்கள். கோளாறு வந்த நேரத்து விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

பி 0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக் மாற்றிய பிறகு இது வந்தால், பிளக்கையும் அதன் மேல் உள்ள காயிலையும் பாருங்கள். பி 0171 என்றால் பெட்ரோலுக்கு அதிகமாகக் காற்று சேர்கிறது. கழற்றிய ஹோஸ் ஏதாவது சரியாக மாட்டப்படாமல் இருக்கலாம்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பில் ஒருவர் ஏர் ஃபில்டர் மாற்றியதும் விளக்கு எரிந்தது. இரண்டு நாள் காரையே எடுக்கவில்லை. அடாப்டரைச் செருகிப் பார்த்தோம். பி 0113 என்று வந்தது. உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது. சென்னையில் மைனஸ் 40! சென்சாரின் கனெக்டர் கழன்றிருந்தது. 'க்ளிக்' சத்தம் வரும்வரை அழுத்தியதும் சரியாகிவிட்டது.

கம்ப்யூட்டர் சொல்லாதவை

சென்சார் இல்லாத இடத்தில் நடப்பது இ.சி.யு.வுக்குத் தெரியாது. ஆயில் அடைக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும், ஆயில் மூடியை மறந்திருந்தாலும் எண் வராமல் போகலாம். எனவே சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் எஞ்சினுக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் கறை இருந்தால் கசிவு உண்டு. ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

ஒரே ஒரு தவறை மட்டும் வீட்டில் சரிசெய்ய முடியாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த தெருக்களில் கார்கள் நீரில் மூழ்கி நின்றன. அப்படி நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியை 'ஆன்' செய்வதும் ஆபத்து, ஈரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பழுதாகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, காரைக் கட்டி இழுத்து ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு செல்லுங்கள்.

மற்ற வேலைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, கிலோமீட்டர், கழற்றிய பாகங்கள் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் டிக் விழுந்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.