கூடும் ஆற்றலும் குறையும் ஆயுளும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோரில் சிலர், தொழிற்சாலை தந்த ஆற்றலோடு மனநிறைவு அடைவதில்லை. என்ஜினை மாற்றியமைத்து மேலும் குதிரைத்திறன் பெற முயல்கின்றனர். இதனை 'டியூனிங்' என்பர். இதற்கு என்ஜின் கொடுக்கும் விலை என்ன? நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலைக் கொண்டே ஆராயலாம்.

என்ஜினை வடிவமைப்போர் ஒவ்வோர் உறுப்பிலும் தேவைக்கு மேல் சிறிது வலிமையை விட்டுவைக்கின்றனர். கோடை வெப்பம், தரம் குறைந்த பெட்ரோல், ஓட்டுபவரின் கவனக்குறைவு ஆகியவற்றைத் தாங்குவதற்கான கையிருப்பு அது. டியூனிங் என்பது அக்கையிருப்பை எடுத்துச் செலவிடுவதே ஆகும்.

முதலாவது, அழுத்தம். டர்போசார்ஜர் காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்துகிறது. 27° செ. வெப்பநிலையிலுள்ள காற்றை வெப்பமாற்றீடற்ற முறையில் இருமடங்கு அழுத்தத்திற்குக் கொண்டு சென்றால், அது ஏறக்குறைய 93° செ. அளவுக்குச் சூடாகும். உண்மையான டர்போவில் இன்னும் கூடும். அக்காற்றைப் போதிய அளவு குளிர்விக்காவிடில், ஸ்பார்க் பிளக் மூட்டிய சுடர் வந்து சேருமுன் எஞ்சிய கலவை தானே வெடிக்கக்கூடும். இதுவே 'நாக்கிங்'. கடுமையான நாக்கிங் பிஸ்டனையே உடைத்துவிடும்.

இரண்டாவது, சுழற்சி வேகம். பிஸ்டனின் முடுக்கம் சுழற்சி வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. நிமிடத்திற்கு 7,000 சுற்றுகளை 8,000 ஆக்கினால் வேகம் 14 விழுக்காடே கூடுகிறது. பிஸ்டனின் ஓட்டத்தால் கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய விசையோ 31 விழுக்காடு கூடுகிறது!

கையிருப்பு எல்லா என்ஜின்களிலும் ஒரே அளவினதன்று. 1993-இல் வந்த டொயோட்டா சுப்ராவின் 2,997 க.செ.மீ. டர்போ என்ஜினுக்கு வார்ப்பிரும்புப் பிளாக். ஜப்பானில் 280 குதிரைத்திறன் என விற்கப்பட்ட அதிலிருந்து, உட்பாகங்களை மாற்றாமலே பலர் கூடுதல் ஆற்றல் பெற்றனர். அதே காலத்து மஸ்டா ஆர்.எக்ஸ்.7 காரின் என்ஜினில் பிஸ்டனே இல்லை. முக்கோணச் சுழலியின் முனைகளில் மெல்லிய அடைப்புப் பட்டைகள் உள்ளன. நாக்கிங் ஏற்பட்டால் அவை முறியக்கூடும். முறிந்த துண்டு டர்போவின் இறகுகளையும் சிதைக்கக்கூடும்.

பந்தய என்ஜினை அடிக்கடி பிரித்துப் புதுப்பிக்க ஒரு குழு உண்டு. சாலையில் ஓடும் காருக்கு அது இல்லை. லாரி ஓட்டுநரான என் தந்தையார் எந்த வண்டியைப் பற்றியும் முதலில் கேட்பது, 'எவ்வளவு வேகம் போகும்?' என்பதன்று, 'வழியில் நிற்காமல் வருமா?' என்பதே. அறிவியலும் அக்கேள்வியையே கேட்கிறது.

ஆகவே, ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். ஒவ்வொரு படியிலும் எரிபொருள் கலவை, ஆயிலின் சூடு, நாக்கிங் ஆகியவற்றை அளந்தறிதல் வேண்டும். முதலில் முறியப்போகும் உறுப்பு எது என்று அறியாமல் ஆற்றலைக் கூட்டுவது, கையிருப்பை எண்ணிப் பாராமல் கடன் வாங்குவதற்கு ஒப்பாகும்.