'அக்கா, எந்த வீடியோவை முதல்ல பாக்கணும்?'

போன வருஷம் லேட்டரல் என்ட்ரில வர்ற ஜூனியர்ஸுக்காக நாங்க நாலு பேர் சேர்ந்து ஒரு ஆன்லைன் மேத்ஸ் கோர்ஸ் பண்ணோம். டிப்ளமோ முடிச்சு நேரா இரண்டாம் ஆண்டுக்கு வர்றவங்களுக்கு முதல் வருஷக் கணக்கு இடிக்கும். காலேஜ் திறக்குறதுக்கு முன்னாடி ஊர்ல இருந்தே படிச்சுட்டு வரட்டும்னு எண்ணம். மொத்தம் 11 வீடியோ, ஒவ்வொண்ணும் ஒரு மணி நேரம். லிங்க் அனுப்பிட்டு பெருமையா உக்காந்திருந்தோம். வந்த முதல் மெசேஜ்தான் மேலே இருக்கிற தலைப்பு.

ஃபோல்டரைத் திறந்து பார்த்தா 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்'னு கிடக்கு. வரிசை எங்க மனசுல மட்டும்தான் இருந்துச்சு. கிளாஸ்ல இருந்தா பக்கத்து பெஞ்ச்ல கேட்டுக்கலாம், வீட்ல தனியா படிக்கிறவனுக்கு அது கிடையாது. அதனால முதல் பக்கத்துலயே இந்த வாரம் எதைப் பாக்கணும், எவ்வளவு நேரம் ஆகும், எதை எப்போ அனுப்பணும், யாரைக் கேக்கணும்னு எழுதி வெச்சோம். ஃபைல்களுக்கு நம்பர் போட்டோம். அரை நாள் வேலைதான்.

அடுத்தது டேட்டா. 1.5 எம்பிபிஎஸ்ல ஓடுற வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 675 எம்பி சாப்பிடும். தினம் 1.5 ஜிபி பேக்ல ரெண்டு பாடம் பார்த்தா கிட்டத்தட்ட காலி. வீட்ல எல்லாருக்கும் அந்த ஒரே போன்னா இன்னும் மோசம். அதே ஒரு மணி நேரத்தை 64 கேபிபிஎஸ் ஆடியோவா குடுத்தா 29 எம்பிக்குள்ள முடிஞ்சிடும். ஆடியோவையும் டைப் பண்ண நோட்ஸையும் சேர்த்துக் குடுத்தோம்.

நீளத்தைப் பத்தி 2014-ல வந்த ஒரு ஆய்வு இருக்கு. பிலிப் குவோவும் அவர் குழுவும் எட்எக்ஸ் கோர்ஸ்கள்ல சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை அலசினாங்க. வீடியோ எவ்வளவு நீளமா இருந்தாலும், பொதுவா பார்க்கிற நேரம் 6 நிமிஷத்தைத் தாண்டலை. உடனே நாங்க கத்திரிக்கோலை எடுத்தோம். ஆனா கிளாஸ்ல எடுத்த லெக்சரை அப்படியே துண்டு போட்டா அவ்வளவா எடுபடாதுன்னும் அதே ஆய்வு சொல்லுது! ஒரு வீடியோவுக்கு ஒரு கணக்குன்னு மறுபடி ரெக்கார்ட் பண்ண வேண்டியதாப் போச்சு.

எங்களை நிஜமா உறுத்தினது வேற. பார்வைக் குறைபாடு உள்ள ஒரு தம்பி மூணாவது வாரம் கேட்டான்: "அக்கா, உங்க நோட்ஸை என் போன் வாசிக்கவே மாட்டேங்குது. என் போன்ல ஏதாவது ப்ராப்ளமா?" அவன் டாக்பேக் வெச்சுப் படிக்கிறவன். நாங்க குடுத்தது கையால எழுதி ஸ்கேன் பண்ண பிடிஎஃப். அதுல எழுத்தே கிடையாது, வெறும் படம்தான். மூணு வாரமா தன் போன் மேலதான் தப்புன்னு நினைச்சிருக்கான்.

சரி, ஆடியோ இருக்கேன்னு கேட்டுப் பார்த்தேன். நானே பேசினதுதான்: "இதைத் தூக்கி இங்க போட்டா, இது அடிபட்டுப் போயிடும்." எது? எங்க? கண்ணை மூடிட்டு கேட்டா எனக்கே புரியலை. இப்போ "எக்ஸ் ஸ்கொயரை வலது பக்கம் கொண்டு போனா மைனஸ் ஆகும்"னு சொல்லப் பழகிட்டோம். நோட்ஸை டைப் பண்ணி, ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கீழ அதையே வார்த்தையில எழுதுறோம். கிராஃபுக்குப் பக்கத்துல "சிவப்புக் கோட்டைப் பார்"னு மட்டும் எழுதுறதில்ல, கோட்டுக்கு மேலயே பேரும் போடுறோம். லிங்க்ல "இங்கே க்ளிக்"னு இருந்த இடத்துல "யூனிட் 2 பயிற்சிக் கணக்குகள்"னு இருக்கு, ஏன்னா ஸ்க்ரீன் ரீடர் லிங்க்குகளை மட்டும் வரிசையா வாசிக்கும்போது நாலு "இங்கே க்ளிக்" வந்தா என்ன தெரியும்? வெளிர் சாம்பல் எழுத்தும் போச்சு. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைஞ்சது 4.5:1 கான்ட்ராஸ்ட் வேணும்னு டபிள்யூசிஏஜி சொல்லுது. இலவச செக்கர்கள் நிறைய இருக்கு.

இதையெல்லாம் பண்ணதும் மத்த பசங்களும் டைப் பண்ண நோட்ஸைத்தான் எடுத்தாங்க. தேடினா வார்த்தை கிடைக்குதாம்.

அந்த தம்பி யூனிட் 3 முடிச்சுட்டு என் கணக்குல ஒரு சைன் தப்புன்னு மெசேஜ் பண்ணான். தப்புதான், திருத்திட்டேன். லாப்லாஸ் யூனிட் மட்டும் இன்னும் ஸ்கேன் படமாவே கிடக்கு. நாங்க ஏப்ரல்ல கிளம்பிடுவோம். மூணாம் வருஷத்துல டைப் பண்ண யாராவது வரீங்களா?